கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னது

அன்பு மகளுக்கு, அப்பா எழுதறது. ஆண்டவர் கிருபையில நானும் அம்மாவும் சுகம், அங்க நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமா இருக்கணும்னு தினமும் கேட்டுக்கிட்டிருக்கேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படியைப் பார்த்தா மட்டும் திரும்ப வந்துடுது. நம்ம கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கப் புது மெஷின் வாங்கியிருக்கேன், அது போடற சத்தத்துல கண்ணுக்கு வர்றவங்க காதுக்கும் வைத்தியம் கேப்பாங்க போலிருக்கு. குட்டிக்குச் சளின்னு சொன்னியே, தலையை நல்லாத் துவட்டி விடு, ஈரத்தோட விளையாட விடாதே. போன் இருக்கிற காலத்துல அப்பா எதுக்குக் கடிதம் எழுதறார்னு நினைப்பே. போன்ல பேசினா என் வாய் சும்மா இருக்காது, அதான். சொல்ல வந்ததும் அந்த வாயைப் பத்தித்தான்.

நம்ம பாட்டு வாத்தியார் குடிக்கிறார்னு ரெண்டு மாசம் முன்னாடி உன்கிட்டச் சொன்னேன் இல்லையா, அது பொய். உனக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்து, உன் கல்யாணத்துல காய்ச்சலோட நின்னு பாடகர் குழுவை நடத்தின மனுஷன். கடை ஜன்னல்ல இருந்து பார்த்தா எதிர்ல மதுக்கடை வாசல் தெரியும்ல, சாயங்காலமானா அவர் அதுக்குள்ள போறதைப் பார்த்தேன், ஒரு நாள் இல்ல, பல நாள். ஒருத்தன் தப்பு பண்ணினா முதல்ல அவனைத் தனியாப் பார்த்துப் பேசணும்னு இயேசு சொன்னதை ஞாயிறு பள்ளியில உங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். நான் போய் என்ன வாத்தியாரே, ஏதாவது கஷ்டமான்னு ஒரு வார்த்தை கேக்கல. வெள்ளிக்கிழமை நம்ம வீட்டு ஜெபக் கூட்டத்துல, கூடம் நிறைய ஆளுங்க இருக்கும்போது, கண்ணை மூடி, குரலைத் தழைச்சு, ஆண்டவரே, குடியில விழுந்துட்ட எங்க பாட்டு வாத்தியாரைத் தூக்கி விடும்னு ஜெபம் பண்ணேன். எல்லாரும் ஆமென் சொன்னாங்க. அப்புறம் டீ குடிக்கும்போது ஒவ்வொருத்தரா வந்து மெதுவா விவரம் கேட்டாங்க, நானும் ரொம்ப வருத்தப்படற மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு ஒண்ணு விடாமச் சொன்னேன். உன்கிட்ட மறைக்க மாட்டேன்மா, எல்லாரும் என்னைச் சுத்தி நின்னது எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு. இப்ப நினைச்சா உடம்பே கூசுது.

அந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள கோயில் முழுக்கப் பரவிடுச்சு. பிள்ளைங்களைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பறதை நிறுத்திட்டாங்க. போதகர் கூப்பிட்டு விசாரிச்சிருக்கார், நான் குடிக்கிறதில்லை ஐயான்னு மட்டும் சொன்னாராம், அப்ப அங்க எதுக்குப் போறீங்கன்னா, அதை மட்டும் கேக்காதீங்கன்னாராம். கொஞ்ச நாள் ஓய்வெடுங்கன்னு அனுப்பிட்டாங்க. அம்மா என்னைப் பிடி பிடின்னு பிடிச்சுட்டா. கடவுள்கிட்டத்தானே சொன்னேன்னு மழுப்பிப் பார்த்தேன். கடவுளுக்குக் காது நல்லாவே கேக்குது, அறைக்குள்ள போய் முணுமுணுத்திருந்தாலே போதும், தெருவுக்கே கேக்கற மாதிரி யாருக்குச் சொன்னீங்கன்னு கேட்டா. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. நான் சொன்னது நிஜம்னு காட்டறேன் பாருன்னு போன வாரம் கடையைச் சாத்திட்டு அவர் பின்னாடியே அந்த மதுக்கடைக்குள்ள போனேன். அங்க அவர் எதுக்கு வர்றார்னு கண்ணால பார்த்தேன், குடிக்கிறதுக்கு இல்ல. அவரும் என்னைப் பார்த்துட்டார்.

மறுநாள் காலையில அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். உக்காரச் சொன்னார், அவரே காபி போட்டுக் கொடுத்தார், ஆர்மோனியப் பெட்டி மேல பிள்ளைங்க பாட்டுப் புத்தகமெல்லாம் அடுக்கினபடியே கிடந்துச்சு. நீங்க எதுக்கு அங்க போறீங்கன்னு சபை நடுவுல நின்னு சொல்லி உங்க பேரை மீட்டுக் கொடுத்துடறேன் வாத்தியாரேன்னேன். வேண்டாம்னுட்டார். குடிக்கலைன்னு மட்டும் சொல்லுங்க, அதுக்கு மேல சொன்னா இன்னொருத்தர் மானம் போகும், அந்த ஆளுக்காகவும்தான் இயேசு உயிரை விட்டார்னார். தன் பேரு நாறினாலும் பரவாயில்லைன்னு அடுத்தவர் குறையை மூடி வைக்கிறார் அவர், நான் இல்லாத குறையை ஜெபத்துல வச்சு ஊருக்குப் பரிமாறியிருக்கேன். வாசல் வரைக்கும் வந்தவர், எனக்காக ஜெபம் பண்றதை மட்டும் விட்டுடுங்கன்னு கும்பிட்டுக் கேட்டார். கோவமாச் சொல்லியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

நேத்து ஜெபக் கூட்டத்துல கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே எல்லார் முன்னாடியும் சொன்னேன், அவர் குடிக்கிறவர் இல்ல, நான் சொன்னது பொய்ச்சாட்சின்னு. பாதிப் பேர் நம்பல, அப்ப எதுக்குத்தான் போறாராம்னு கேட்டாங்க. நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிக்கிட்டு நின்னேன். போதகர் மட்டும் அவரைப் போய்ப் பார்க்கறேன்னு சொல்லியிருக்கார், வாத்தியார் பாட்டு சொல்லிக் கொடுக்கத் திரும்பி வருவாரோ மாட்டாரோ தெரியல. அம்மா காரணத்தைக் கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சுட்டா. உனக்கும் சொல்ல மாட்டேன், கோவிச்சுக்காதே. ஆண்டவரைத் துதிக்கிற வாயாலயே அவர் படைச்ச மனுஷனை இழிவாப் பேசிட்டேன், இனியாவது இதைப் பூட்டி வைக்கப் பழகணும்.

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் கண்மணி மாதிரி காக்கட்டும், குட்டிக்குத் தாத்தாவோட முத்தம். ஒண்ணு மறந்துடாதே. வாத்தியார் வீட்டுல உக்காந்திருந்தப்ப அவர் உன்னைத்தான் விசாரிச்சார், மாசாமாசம் போன் பண்ணுவாளே, ரெண்டு மாசமாக் காணோமே, பிள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையான்னு. என் பேச்சைக் கேட்டுத்தான் நீ போனை நிறுத்தியிருக்கேன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. இது கிடைச்ச அன்னைக்கே அவருக்குப் போன் பண்ணும்மா. எதுவும் கேக்காதே, என் மன்னிப்பையும் நீ தூக்கிக்கிட்டுப் போகாதே. குட்டியைப் பாடச் சொல்லு, அவர் கேக்கட்டும்.

தலை குனிஞ்சபடி,
உன் அப்பா