சாமி பங்கு

அம்மா,

பக்கத்து வீட்டு அக்கா இன்று ஒரு கிண்ணம் சீம்பால் கொடுத்தனுப்பினாள். கருப்பட்டி போட்டுக் காய்ச்சியது. மூடியைத் திறந்ததும் இனிப்பும் கவிச்சியும் கலந்து எழுந்த வாசனையில், செவலைப் பசுவின் பேரில் நாம் போட்ட சண்டை நினைவுக்கு வந்துவிட்டது.

நான் மாட்டு டாக்டராகி விளாத்திகுளம் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்த புதிது. செவலை சினை பிடிக்காமல் தட்டிக்கொண்டே போனது. கிடேரிக் கன்றாகவே பிறக்கும்படி ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுத்த விந்து அப்போதுதான் எங்களுக்கு வரத் தொடங்கியிருந்தது. அந்த ஊசியை முதலில் நம் செவலைக்குத்தான் போட்டேன். சினை நின்றதைச் சொன்னபோது நீ தெற்கே பார்த்துக் கும்பிட்டாய்.

"அய்யனாரு கண்ணத் தொறந்துட்டாரு. காளங்கன்னு பெறந்தா உன் கோயிலுக்கே விட்டுருதேன்னு நேந்திருக்கேன்ட்டி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுல காளை அநேகமா வராதும்மா. கிடேரிக்குன்னே பிரிச்ச ஊசி."

"பிரிச்சதுன்னா?"

"காளைக்கானத மிசின்லயே ஒதுக்கிருவாங்க."

நீ சிரிக்கவில்லை. "அப்ப சாமி பங்கக் குழாய்க்குள்ளயே வடிகட்டிட்டியா?"

நானும் விடவில்லை. டிராக்டர் வந்தபிறகு காளைக் கன்றை யார் வளர்க்கிறார்கள்? பால் மறக்கும் முன்பே கறிக்கு வண்டி ஏறுகிறது. அதற்குப் பிறக்காமலே இருப்பது நல்லதுதானே என்றேன். சோளத்தட்டையை உதறிப் போட்டபடியே நீ சொன்னாய்: "விக்கிறது நம்ம பாவம், அத நாம சொமப்போம். வாரவன வாசல்லயே மறிக்கியே, நீ யாருட்டி?"

 

அந்தச் சினைக்காலம் முழுக்க நீ கோயில் பக்கமே போகவில்லை. கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியவள் எந்த முகத்தோடு போவது என்றாய். நீ வெள்ளிக்கிழமை தோறும் நம் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது எனக்கு உறுத்தியது.

கிடேரிதான் பிறந்தது. அது ஓடியாடத் தொடங்கியதும், அதையே பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டாய். நானும் வந்தேன். பூசாரி கையை விரித்தார்.

"காளை விடுததுதான் வழக்கம் தாயி. கெடேரிய வச்சு நான் என்ன செய்ய?"

"அண்ணாச்சி, காளை வார வழிய இவ அடச்சுட்டா. உங்க சாமிய இவகிட்டயே கேக்கச் சொல்லுங்க."

"டாக்டரம்மாகிட்டயா? ஊசிக்குப் பயந்து சாமியே மலையேறிருவாருல்லா!"

நீயும் சிரித்துவிட்டாய். ஆனாலும் உள்ளே போகாமலே திரும்பினாய். வழியில், "அடுத்த ஈத்துக்குப் பிரிக்காத ஊசியாப் போடு. வாரது வரட்டும்" என்றாய்.

அப்படியே போட்டேன். மழை பெய்து கரிசல் காலைக் கவ்விக்கொண்டிருந்த ஒரு விடியலில் செவலை ஈன்றது. மறுபடியும் கிடேரி. என் முகம்தான் விழுந்துபோயிற்று. நீ கன்றின் வாயைத் துடைத்துவிட்டு, "கேட்டேன், வேணாம்னுட்டாரு. அவரு இஷ்டம். இது நமக்கு" என்றாய். அன்று சாயங்காலமே தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாய். இரண்டு கன்றுகளுக்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தது.

நீ கண்ணை மூடிய பிறகும் எனக்குச் சாமி நம்பிக்கை வந்துவிடவில்லை, அம்மா. பிரித்த ஊசியைத் தினமும் போடுகிறேன். பால் மாட்டை நம்பியிருக்கிற வீடுகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் விந்துக் குழாய்களை உறையவைத்திருக்கும் கேனில் இரண்டு வகையும் வைத்திருக்கிறேன். மூடியைத் திறக்குமுன், "சாமிக்கு எதுவும் நேந்திருக்கீங்களா?" என்று கேட்டுவிடுகிறேன். கூட வரும் உதவியாளர் முதலில் கேலி செய்தார். இப்போது நான் மறந்தால் அவரே கேட்கிறார்.

பெரும்பாலும் இல்லை என்பார்கள். போன வாரம் ஒரு அக்கா மாட்டின் கயிற்றைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"இருக்கு டாக்டரம்மா. சொன்னா ஏசுவியளோன்னு..."

"ஏச மாட்டேன்க்கா" என்று சொல்லி, பிரிக்காததை எடுத்தேன்.