நிற்காத ரத்தமும் ஒரு ஜோடி கம்மலும்

ஜனவரி 20, திங்கள்
வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். கம்பெனி கேன்டீனில் இன்று சாம்பாரில் விழுந்தது என் கம்மல்தான். இடது காது ஓட்டை கிழிந்து ரெண்டு வருஷம். பின்னால் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டித்தான் கம்மலை நிறுத்தி வைத்திருந்தேன், ஆவி பட்டதும் கழன்றுவிட்டது. தட்டில் கிடந்ததைப் பார்த்து சூப்பர்வைசர் இது இன்னா என்றார். முருங்கைக்காய்க்கு இலவசம் சார் என்றேன்.

ஊட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 23
கூட வேலை செய்யும் விக்டோரியா சொல்கிறாள், புதுவாயல் ஊரில் ஒரு பியூட்டி பார்லரில் மருந்து வைத்து அரை மணியில் காதை ஒட்டுகிறார்களாம். என் சமாச்சாரம் அவளுக்குத் தெரியாது. அம்மா வழியில் எங்களுக்கு ரத்தம் லேசில் உறையாது. தாய்மாமன் வரதன் ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டு நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

ஜனவரி 26
பார்லர் நாற்காலி வரை போய்விட்டேன். சுகர் இருக்கா என்றாள் பார்லர் பொண்ணு. இல்லை. பிரஷர்? இல்லை. நிஜம்தானே — ரத்தத்தைப் பற்றி அவள் கேட்கவே இல்லையே, நான் ஏன் சொல்லணும்? பஞ்சை எடுத்தாள். என் வாய் சும்மா இருக்கல. "எனக்கு ரத்தம் வந்தா நிக்காதும்மா."

பஞ்சை வைத்துவிட்டாள். நல்ல பொண்ணு. வெளியே வந்து சோடா குடித்தேன்.

பிப்ரவரி 2
விஷயம் தெரிந்து வரதன் மாமா வந்து திட்டினார். "நாப்பத்தேழு வயசுல இன்னாத்துக்குடி இந்த பேஜாரு? காது போனா போவுது, நீ இருக்கணும்."

குழந்தையில் அவர் மடியில் வைத்துத்தான் எனக்குக் காது குத்தினார்கள். வேட்டி முழுக்க என் ரத்தமாம்.

"இன்னும் அந்த வேட்டியவே சொல்லிக்கினு இருக்கீங்களே மாமா, வேற ஒண்ணு எடுத்துத் தரேன்." அவர் சிரிக்கவில்லை.

எனக்கும் பயம்தான். ஆசை மட்டும் வயசு கேட்டுக்கினா வருது?

பிப்ரவரி 13
சென்னையில் ரத்த டாக்டரம்மாவைப் பார்த்தேன். செய்யலாமாம்! முன்னாடி ரத்தம் உறைய ஒரு ஊசி, பின்னாடி மாத்திரை, ஒரு நாள் அங்கேயே இருக்கணும். பார்லரில் செய்திருந்தால் என்று கேட்டேன். கேட்காதீங்க என்றார்.

மார்ச் 4
நாலு தையல். ரத்தம் நின்றது. நின்னுடுச்சு!

ஊட்டுக்காரர் குப்புராஜ் பத்து தடவை காதுக் கட்டை உற்றுப் பார்த்தார். கல்யாணத்தன்று கூட என் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

மார்ச் 5
தைத்தால் ஓட்டையும் மூடிவிடுமாம். இதை யாரும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. மூணு மாசம் கழித்துப் புதுசாகக் குத்தணும்.

ஜூன் 12
இன்று ஆஸ்பத்திரியிலேயே, ரத்தம் உறையும் ஊசியை முதலில் போட்டுவிட்டு, காது குத்தினார்கள். மாமா வெற்றிலை, வாழைப்பழம், புதுக் கம்மல் என்று சீர்த் தட்டோடு வந்து நின்றார். தாய்மாமன் மடியில்லாமல் காது குத்துவதா என்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தொடையைத் தட்டிக் காட்டினார். அவருக்கு வயது எழுபத்தொன்று. நான் எழுபத்தெட்டு கிலோ. பேருக்கு உட்காருங்க என்றாள் நர்ஸ்.

உட்கார்ந்தேன். குத்தினாள். ஒரு சொட்டு வந்தது, நின்றது. மாமா குனிந்து வேட்டியைப் பார்த்தார். வெள்ளையாகவே இருந்தது.

பிறகு நாற்காலியின் பின்கால் உடைந்து ரெண்டு பேரும் தரையில் விழுந்தோம். முன்ஜாக்கிரதைக்கு மாமாவுக்கும் அதே ஊசியைப் போட்டார்கள்.