செவிப்புலன் பரிசோதனையில் நான் அளித்த ஐந்து விடைகள்

அனுப்புநர்:
செல்வி வ. சரோஜினிதேவி,
மேல்மாடி, 14/3, பெர்னாண்டோ வீதி,
வெள்ளவத்தை, கொழும்பு 06.

பெறுநர்:
பொறுப்பு வைத்திய அதிகாரி,
சட்ட வைத்தியப் பிரிவு,
கொழும்பு.

விடயம்: எனது செவிப்புலன் சாதாரணமானது என நீதிமன்றத்துக்கு அளிக்கப்பட்ட சட்ட வைத்திய அறிக்கையை மீளாய்வு செய்தல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் நாற்பத்தெட்டு வயதான விலங்கியல் பட்டதாரி. பாடசாலை விஞ்ஞான நூல்களை மொழிபெயர்த்துச் சீவிக்கிறேன். சென்ற ஆண்டு கொள்ளுப்பிட்டியில் நான் பயணம் செய்த பஸ்ஸுக்கு அருகே குண்டு வெடித்ததில் என் இரு செவிப்பறைகளும் கிழிந்தன. வலது காது முற்றாகக் கேட்பதில்லை. இடது காதில் ஓசை விழும், சொல் விழாது. எதிரில் நிற்பவரின் உதடுகளைப் பார்த்தே பேச்சை விளங்கிக்கொள்கிறேன். சிகிச்சைக் குறிப்பில் செவிப்பறைக் காயம் மட்டுமே உள்ளது, கேட்டல் அளவிடப்படவில்லை. அன்று என்னைவிட மோசமான நிலையில் பலர் இருந்தார்கள். நானும் வற்புறுத்தவில்லை.

2. கடந்த ஜூலையில் ஒரு மாலை, வெள்ளவத்தைப் பாலத்தருகே புதிதாக வைத்திருந்த சோதனைச் சாவடியைக் கவனியாமல் கடந்துவிட்டேன். அது ஒரு லொறியின் மறைவில் இருந்தது. பின்னால் நின்ற சிப்பாய் மூன்று தரம் நிற்கச் சொன்னதாக வழக்கேடு கூறுகிறது. அவர் சொல்லியிருப்பார். அதை நான் மறுக்கவில்லை. பலசரக்குக் கடைக்காரர் ராசிக் ஓடிவந்து என் கையைப் பிடித்து நிறுத்தினார். “மிஸ், அவன் துவக்க தூக்கிக் குறி வெச்சிட்டான். இன்னம் ரெண்டு எட்டு வெச்சிருந்தா மௌத்துதான்” என்று அவர் சொன்னதை முகம் பார்த்து அறிந்தேன். பிணையில் வந்தபின் நன்றி சொல்லப் போனேன். “ஒவ்வொரு நாளும் ஓடி வர எனக்கு ஏலாது மிஸ், முழங்கால் வருத்தம்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

3. கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை என்பது என்மீதான குற்றச்சாட்டு. காது கேளாது என்றேன். நீதவான் சட்ட வைத்தியப் பரிசோதனைக்கு அனுப்பினார். பரிசோதித்த வைத்தியர் மரியாதையாகவே நடந்துகொண்டார். என்னைக் கதிரையில் இருத்திவிட்டு எனக்குப் பின்னால் போய் நின்றார். முன்னால் ஒரு பெண் கொன்ஸ்டபிள் நின்றார். அவர் என்னைப் பார்த்து, சொல் என்பதுபோல் முகத்தை நிமிர்த்தி நாடியை உயர்த்தும்போதெல்லாம் நான் சிங்களத்தில் விடை சொன்னேன். பரிசோதனைக்கு முன் என் விபரங்களைப் பதிகிறார்கள் என்றே எண்ணினேன். அது எப்போது தொடங்கும் என்று காத்திருந்தபோது, போகலாம் என்று கைகாட்டினார்கள்.

4. அறிக்கையின் பிரதியைச் சட்டத்தரணி மூலம் பெற்றேன். வைத்தியர் பின்னால் நின்று கேட்ட முதல் நான்கு கேள்விகள் இவை: பெயர் என்ன, பிறந்த ஊர் எது, கொழும்புக்கு எப்போது வந்தீர், எதற்காக வந்தீர். நான்குக்கும் விடை சரி. ஐயா, இந்தக் கேள்விகளை இதே வரிசையில் சாவடிகளிலும், வீடு சோதனையிட வரும்போதும் பல வருடங்களாக என்னிடம் கேட்கிறார்கள். எதிரில் ஒரு சீருடை நின்று நாடியை உயர்த்தினால் என் வாய் அடுத்த விடையைச் சொல்லிவிடும். வெடிப்புக்குப் பின் நான் சாவடிகளைக் கடந்து வருவதே அப்படித்தான்.

5. ஐந்தாவதாக வைத்தியர், காதில் வலி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். வழக்கத்தில் அந்த இடத்தில் வரும் கேள்வி, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது. ஆகவே, “ஒருவருமில்லை, நான் தனி” என்று சொன்னேன். அறிக்கையில் இது “கேள்வி விளங்கியும் வேண்டுமென்றே சொன்ன பொருந்தாத விடை, செவிட்டுத்தன்மை பாசாங்கு” எனப் பதியப்பட்டுள்ளது. முதல் நான்கு விடைகளும் காது கேட்கும் ஒருவருக்கும் எனக்கும் ஒன்றாகவே இருக்கும். வேறுபாட்டைக் காட்டக்கூடியது ஐந்தாவது ஒன்றுதான். அதில் நான் தவறியிருக்கிறேன். வலிக்கிறதா என்று ஒருவர் கேட்பார் என நான் எதிர்பார்க்கவில்லை. விளங்கியிருந்தால் ஓம் என்றிருப்பேன். இரவில் வலிக்கிறது.

6. எனவே, வேறொரு வைத்தியர் மூலம், காதில் கருவி மாட்டிச் செய்யும் கேட்டல் பரிசோதனைக்கு என்னை உட்படுத்துமாறு வேண்டுகிறேன். கருவி கிடைக்காவிடின், எவரையும் என் முன்னால் நிறுத்தாமல், எனக்குப் பழக்கமில்லாத கேள்விகளைக் கேட்கவும். சமையலைப் பற்றியோ மழையைப் பற்றியோ கேட்கலாம். திகதியைக் கடிதத்தில் அறிவிக்கவும். தொலைபேசியில் பயனில்லை, கனடாவிலுள்ள என் தம்பிகூட இப்போது அழைப்பதை நிறுத்திவிட்டார்.

7. இவ்வழக்கில் கிடைக்கக்கூடிய தண்டனைக்கு அஞ்சி இதை எழுதவில்லை. காது கேளாதவள் என்ற சான்றிதழ் என்னைக் காப்பாற்றும் என்றும் நம்பவில்லை. கைப்பைக்குள் இருக்கும் கடிதத்தை முதுகுக்குப் பின்னால் நிற்பவர் வாசிக்க முடியாது. ஆனால் இன்னொரு நாள் இன்னொருவர் நிற்கச் சொல்லி, நான் நடந்துகொண்டே போனால், அதன்பின் என் உடல் தங்கள் பிரிவுக்குத்தான் வரும். அதைப் பரிசோதிப்பவர் என் பெயரில் முன்னர் என்ன பதிவு உள்ளதென்று பார்ப்பார். இன்றுள்ள அறிக்கையின்படி நான் கேட்டும் நில்லாதவள். அதைத் திருத்தும்படி அப்போது மனு எழுத என் வீட்டில் ஒருவரும் இல்லை. ஆகையால் இப்போதே எழுதுகிறேன்.

தங்கள் எழுத்துமூலப் பதிலை எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
வ. சரோஜினிதேவி

இடம்: வெள்ளவத்தை
திகதி: 21.09.1998