தராசு நிற்கும்வரை

ஞாயிறு, இரவு.

ஆஸ்திரேலியாவிலிருந்து தம்பி கதிர் வாரத்துக்கு ஒருமுறைதான் வீடியோவில் வருவான். இன்று வேலையோடு வந்தான். குறி சுடும் கிளப்புக்குத் தோட்டாவைத் தானே நிரப்புகிறான். சுட்டுமுடித்த வெறும் பித்தளைக் கூட்டை எடை போட்டு, விளிம்புவரை தண்ணீர் விட்டு மறுபடி போடுகிறான். வித்தியாசம்தான் கூட்டின் கொள்ளளவு. அதைக் கணினியில் கொடுத்தால் குண்டின் வேகத்தைச் சொல்லுமாம்.

"அக்கா, ஒரே கூடுதான், மூணு தடவையும் மூணு எடை காட்டுது. நீ தங்கக் கடைல தராசு பாக்கறவ, சொல்லேன்."

பார்த்ததுமே தெரிந்தது. என்னோடு பேசிக்கொண்டே தராசின்மேல் குனிகிறான். எங்கள் கடையில் எண் அசையாமல் நிற்கும்வரை முதலாளிகூட மூச்சு விடமாட்டார்.

"ஃபேனை நிறுத்து. வாயை மூடிக்கிட்டுப் போடுடா."

பத்துக் கூடுகள். அவன் பேசவில்லை, நானும் பேசவில்லை. குனிந்த உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நரைத்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று கேட்க நினைத்தேன்.

கடைசிக் கூட்டை மூன்று முறை போட்டான். மூன்றும் ஒரே எடை. நிமிர்ந்து சிரித்தான்.

"அக்கா, அப்புறம்..." என்று தொடங்கினான். இங்கே கரண்ட் போனது, வைஃபையும் போனது.

இன்னும் வரவில்லை. மெழுகுவர்த்தியில் எழுதுகிறேன். வாயை மூடச் சொன்னது நான்தான்.