ரமோன் அங்கிளின் ஏப்ரல் இரண்டு

ஏப்ரல் 1, புதன்

காலையிலிருந்து தூறல். செவன் ஹில்ஸ் ஸ்டேஷனிலிருந்து முதியோர் இல்லம் வரை நனைந்தே நடை. ஏழாம் அறை ரமோன் அங்கிளுக்கு ஷேவ், குளிப்பு. மெக்சிக்கோக்காரர். மறதி நோயில் இங்கிலிஷ் முழுக்கப் போய்விட்டது, ஸ்பானிஷ் மட்டும் மிச்சம். எனக்கும் அவருக்கும் பொதுவாய் மூன்று சொல்: மேசை, சப்பாத்து, சமைக்கிற குசினி. போர்த்துக்கேயன் யாழ்ப்பாணத்தில் விட்டுப் போனவை. அவருடைய ஸ்பானிஷிலும் கிட்டத்தட்ட அதேதான். கூட வேலை செய்கிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லிக் கொஞ்சம் பெருமையும் அடித்தேன்.

அவருடைய மகள் தெரேசாவின் போன். நாளைக்கு விடிய அப்பா எழும்பி நிற்பாராம், வருஷா வருஷம் அப்படித்தானாம். பிரெஞ்சுக்காரன் கொண்டுவந்து வைத்த சக்கரவர்த்தியின் படையிடமிருந்து புவெப்லா நகரைத் திருப்பிப் பிடித்த நாள், 1867. இருட்டோடு பாய்ந்து, விடிவதற்குள் வென்றார்களாம். அதில் செத்தவர்களில் அங்கிளின் பூட்டனும் ஒருவர். இங்கே மே ஐந்துக்குத்தான் தொப்பி போட்டுக் கூத்தடிக்கிறார்கள். அது அதே ஊரில் முந்தி நடந்த சண்டை.

ஏப்ரல் 2, வியாழன்

ஆறே முக்கால். அங்கிள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு காலில் மட்டும் சப்பாத்து. முகமெல்லாம் வியர்வை, கண்ணீர். "கதேரா, கதேரா" என்றார்.

நாலாவது சொல்! கதிரையும் போர்த்துக்கேயன் விட்டுப் போனதுதான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஓம் அங்கிள், கதிரைதானே, இந்தா கொண்டு வாறன்."

கதிரையை யன்னலடியில் போட்டு அதில் இருத்தினேன். இருத்தும்போது கத்தினார். பூட்டனை நினைத்து அழுகிறார் என்று கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். பிறகு மற்ற அறைகள். மூன்று மணித்தியாலம் அப்படியே இருந்திருக்கிறார். பத்து மணிக்கு நர்ஸ் பார்த்து, அம்புலன்ஸ்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

சிலுவைப் பாதைக்குப் போகவில்லை. போனில் தேடினேன். கதேரா என்றால் இடுப்பு.

எழும்பும்போது விழுந்திருக்கிறார். எலும்பு முறிவு. அதோடு கம்பியைப் பிடித்து எழும்பி நின்றிருக்கிறார், மனுஷன். கதிரையில் இருத்தி வைத்தவள் நான். வேலையிடத்துப் படிவத்தில் 'அவர் என்ன சொன்னார்' என்று ஒரு கோடு. வெறுமையாக விட்டுக் கொடுத்தேன்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

இதயம் தாங்காது என்று ஒப்பரேஷன் செய்யவில்லை. நேற்றுப் பின்னேரம் போய்விட்டார். பாவி நான்.

சாமான் எடுக்கத் தெரேசா வந்தாள். சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டு என் கையைப் பிடித்தாள். ஆஸ்பத்திரியில் அப்பா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாராம்: அங்கே என் பாஷை விளங்குகிற பிள்ளை ஒன்று இருக்கிறது, என்னை அவளிடம் கொண்டு போங்கோ.

ஓம் என்று தலையாட்டினேன்.