சிவப்புத் துணி கட்டிய நாய்கள்

மார்ச் 4

இன்று ஸ்வெட்டரின் இடது கை போயிற்று. கிழித்தது நாய், திட்டு வாங்கியது நான். "என் நாய்க்கு என்ன கேடு? நல்லா தின்னுது, நல்லா குரைக்குது. மாத்திரையைக் கொண்டுபோய் உன் புருஷனுக்குக் குடு" என்கிறாள் கடைக்காரி உமுத்.

புழு மாத்திரையை ஆட்டு வால்கொழுப்பில் பொதிந்து போட்டால் கொழுப்பு உள்ளே போகிறது, மாத்திரை மட்டும் வெளியே வந்து விழுகிறது. எங்கள் ஊர் நாய்களின் சாமர்த்தியத்தில் பாதி எங்கள் ஊர் நலக்குழுவுக்கு இருந்தால் போதும். குழுத் தலைவி நான்தான், அதனால் சொல்லலாம்.

ஆடு அறுக்கிறோம். ஈரலில் நீர்க்கட்டி இருந்தால் வெட்டி நாய்க்கு வீசுகிறோம். நாய் வயிற்றில் அது புழுவாகிறது, புழுவின் முட்டை நாயின் மயிரில் ஒட்டுகிறது. நாயைத் தடவிய கையோடு பிள்ளை ரொட்டி தின்கிறது. பிறகு பிள்ளையின் ஈரலிலும் கட்டி. போன வருஷம் ஓஷ் நகரில் என் ஜிபெக்கின் வயிற்றைத் திறந்தார்கள். எட்டு வயசு. அந்த ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்திருந்ததைப் பற்றி எழுத மாட்டேன். இன்னொரு அம்மா அங்கே போய் உட்காரக் கூடாது, அவ்வளவுதான். மாதம் ஒரு தடவை ஊரின் எல்லா நாய்க்கும் மாத்திரை. இது என்ன, மலையைப் பெயர்க்கிற வேலையா?

ஆமாம் போலிருக்கிறது.

மார்ச் 7

ஊர்த் தலைவர் குண்டைத் தூக்கிப் போட்டார். அடுத்த மாதம் நாய் சுடுகிறவரை வரவழைக்கிறாராம். "நாய் இல்லன்னா புழு இல்ல, புருல். சுலபமா முடிஞ்சிடும்" என்கிறார். ஓநாய் வந்தால் யார் குரைப்பது, இவரா? சுட்டால் புது நாய்க்குட்டி வாங்குவார்கள், அதற்கும் ஈரல் வீசுவார்கள். கத்திவிட்டேன்.

கடைசியில் இறங்கி வந்தார். மாத்திரை தின்ற நாயின் கழுத்தில் சிவப்புத் துணி கட்ட வேண்டும், துணி கட்டிய நாயைச் சுட மாட்டார்கள். வீட்டுக்கு வந்து என் சிவப்பு ஜன்னல் திரையைக் கிழித்தேன். என் கணவர் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. கெட்டிக்காரர்.

மார்ச் 12

ஊரே சிவப்பு! எந்தத் தெருவுக்குப் போனாலும் சிவப்புக் கழுத்து. நான் மாத்திரை கொடுத்த நாய்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மீதியெல்லாம்? தாங்களே கட்டிவிட்டிருக்கிறார்கள், களவாணிகள். "சிவப்புத் துணி எல்லாம் வித்துப்போச்சு, புருல். நல்ல வியாபாரம்" என்று என்னிடமே சொல்கிறாள் உமுத். அவள் நாய்க்குப் பட்டுத் துணி.

மார்ச் 13

கழுதைக்கும் கட்டியிருக்கிறார்கள். கேட்டால், "எதுக்கும் இருக்கட்டும்."

மார்ச் 21

நோருஸ் புத்தாண்டு விருந்து, மூத்தவர் வீட்டில். மூத்தவர் என்றால் என் கணவரின் அண்ணன். வீட்டுக்கு வந்த மருமகள் அவர் பெயரைச் சொல்லக் கூடாது, எழுதவும் கை வரமாட்டேன் என்கிறது. ஆடு அறுத்தார்கள். ஈரலில் கோழிமுட்டை அளவு கட்டி. மூத்தவர் அப்படியே அறுத்துத் தன் நாய் அக்தோஷுக்கு வீசினார். அக்தோஷ் கழுத்தில் புத்தம் புதுச் சிவப்புத் துணி. அந்த நாய் இதுவரை என் மாத்திரையை மோந்துகூடப் பார்த்ததில்லை.

"மாமா, அதைப் புதைச்சிடலாமே" என்றேன், குரலைத் தாழ்த்தித்தான்.

"நல்ல நாள் அதுவுமா நாயோட பங்கைப் புடுங்கறியாம்மா? எங்கப்பா போட்டாரு, நான் போடறேன். உன் மாத்திரைய எண்ணிக்கிட்டுப் போ."

எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார், தலையைக் குனிந்துகொண்டு.

எக்கேடோ கெட்டுப் போங்க. எனக்கென்ன? — எனக்கென்னவா? எம்பொண்ணு வயித்துல கத்தி வச்சாங்க, எனக்கென்னவா! இவங்களுக்கு எல்லாமே வேடிக்கையா இருக்கு.

என் கணவருக்கு இன்று தேநீர் கிடையாது.

ஏப்ரல் 8

நாய் சுடுகிறவன் வந்துவிட்டான். மெலிஸ் என்று பெயர், துப்பாக்கியோடு. அதட்டிப் பேசாத ஆள், கொஞ்சம் வெட்கப்படுகிறவன் போலக்கூட இருந்தான். பள்ளிக்கூட மைதானத்தில் ஊரே கூடிவிட்டது, ஆளுக்கொரு நாயோடு.

"அக்கா, எல்லாத்துக்கும் துணி இருக்கே. எல்லாம் மாத்திரை தின்னதுதானா?" என்று என்னைக் கேட்டான்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். மூத்தவர் தாடியைத் தடவிக்கொண்டு பார்த்தார். ஆமாம் என்று சொன்னால் இன்றைக்கே எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். புழுவும் சுகமாக இருக்கும்.

"இல்ல. பாதிக்கு மேல பொய்" என்றேன்.

அய்யோ, அந்தக் கூச்சல்! உமுத் என்னைக் காட்டிக்கொடுத்தவள் என்றாள். மெலிஸ் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான். "தம்பி, மத்தியானம் வரைக்கும் உக்காந்து டீ குடி. அதுக்குள்ள மாத்திரை தின்னாத நாயை அப்புறம் பாத்துக்கோ" என்றேன். அவனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது போல. சட்டென்று உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தான்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! வருஷம் பூராவும் நான் தொண்டை கிழியப் பேசி நடக்காதது ஒரு முற்பகலில் நடந்தது. உமுத் தன் நாயின் வாயைத் தன் கையாலேயே பிளந்தாள். மூத்தவர் அக்தோஷின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். அது துப்பியது, இவர் திணித்தார், அது துப்பியது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் பார்த்துவிட்டார்.

ஒரு நாயும் சாகவில்லை. அடுத்த மாத்திரை மே 8. அன்றைக்குத் துப்பாக்கி வராது. யார் வருவார்கள்?

ஏப்ரல் 16

ஒருவரும் என்னோடு பேசுவதில்லை. அலமாரி நிறையத் தேயிலையை வைத்துக்கொண்டு உமுத் என்னிடம் "தேயிலை தீர்ந்துபோச்சு" என்கிறாள். மூத்தவர் எதிரே வந்தால் குதிரையைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

உண்மையைச் சொன்னது தப்பா? தப்பில்லை. ஆனால் தேநீர் இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது.

ஏப்ரல் 27

ஜிபெக் வியாபாரம் ஆரம்பித்திருக்கிறாள்! வயிற்றுத் தழும்பைக் காட்டுவதற்கு ஒரு மிட்டாய். தொட்டுப் பார்க்க இரண்டு. வேலிக்கு வெளியே பிள்ளைகள் வரிசை. விளக்குமாற்றோடு ஓடினேன், ஓடியவள் அப்படியே நின்றுவிட்டேன். வரிசையின் கடைசியில் மூத்தவர், பேரன் கையைப் பிடித்துக்கொண்டு. அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்ததில்லை, அப்போது மலையில் ஆடுகளோடு இருந்தார்.

பேரன் மிட்டாய் கொடுத்தான். ஜிபெக் சட்டையைத் தூக்கினாள். விலாவுக்குக் கீழே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை.

"வலிச்சுதா கண்ணு?" என்று கேட்டார்.

"தூங்கிட்டேன் பெரியப்பா. அம்மாதான் அழுதாங்களாம்."

சட்டைப்பையைத் துழாவி இருந்த மிட்டாய் எல்லாவற்றையும் அவள் கையில் கொட்டிவிட்டுப் போனார். என்னைப் பார்க்கவில்லை.

மே 7

நாளைக்கு. டப்பாவைத் துடைத்து வைத்தேன். வராவிட்டால் வீடு வீடாகப் போக வேண்டியதுதான், இன்னொரு ஸ்வெட்டர் இருக்கிறது.

மே 8

விடிந்ததும் வாசலில் அதட்டல். "ஏம்மா, இன்னும் என்ன தூக்கம்? எவ்வளவு நேரம் நிக்கிறது?"

மூத்தவர். கயிற்றில் அக்தோஷ். அவருக்குப் பின்னால் உமுத், அவளுக்குப் பின்னால் தெருமுனை வரை நாயும் ஆளும். வேலியெல்லாம் குரைப்பு. "நேத்தே ஒவ்வொரு வீடா ஏறித் திட்டிட்டுப் போனாருடி உங்க மூத்தவரு" என்று என் காதில் சொன்னாள் உமுத். ஒரு பொட்டலம் தேயிலையையும் நீட்டினாள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

அக்தோஷ் துப்பியது. "மாமா, முதல்ல வெறும் கொழுப்பு ஒண்ணு போடுங்க, ரெண்டாவதுல மாத்திரை" என்றேன். போட்டார். விழுங்கிவிட்டது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த வாரம் மலைக்குப் போறோம். செப்டம்பர் வரைக்கும் அங்கதான். அதுவரைக்குமான மாத்திரையக் குடு, நான் பாத்துக்கறேன்."

கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"பக்கத்துக் கூடாரங்கள்லயும் நாய் இருக்கு. அவனுங்க பிள்ளைகளும் அங்கதான் விளையாடுதுங்க. இன்னும் போடு."

போட்டுக்கொண்டே இருந்தேன். கண் மங்கிவிட்டது, எத்தனை போட்டேன் என்று தெரியாது. இப்போது டப்பா காலி. காலையில் மாவட்ட அலுவலகத்துக்குப் போன் பண்ணி இன்னும் மாத்திரை கேட்க வேண்டும்.