இருபத்தைந்தாம் வாசல்

ஓகஸ்ட் 4
ஆஸ்பத்திரிக் கணினி வலையமைப்புக்குப் புதிய பயர்வோல் பூட்டினேன். செயலாளர் நேசராஜா ஐயாவின் கட்டளை: "வெளியிலையிருந்து ஒண்டும் உள்ளுக்கு வரக்கூடாது." ஒன்றும் வரவில்லை. மின்னஞ்சலும் வரவில்லை. எங்கள் மெயில் சேர்வர் உள்ளே நலமாக இருக்கிறது, கல்லறையில் இருப்பவர்களைப் போல.

ஓகஸ்ட் 5
பயர்வோலில் மின்னஞ்சலுக்கான இருபத்தைந்தாம் இலக்க வாசலை அந்தச் சேர்வருக்கு மட்டும் திறந்துவிட்டால் போதும். இரண்டு நிமிட வேலை. ஐயாவிடம் சொன்னேன்.

"வாசல் எண்டால் கள்ளனும் வருவான்தானே தம்பி?"

"வாசல் இல்லாட்டித் தபால்காரனும் வரமாட்டான் ஐயா."

"உந்தப் பகிடியெல்லாம் வேண்டாம். கமிற்றி முடிவெடுக்கட்டும்."

பயர்வோலின் கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில். உறை இரும்புப் பெட்டியில். பெட்டியைப் பூட்டிய திறப்பு பொருளாளர் கிறகோரியிடம். மூவர் முன்னிலையில் உறையைக் கிழிக்காமல் பயர்வோலில் கைவைக்கக் கூடாது என்பது தீர்மானம்.

ஓகஸ்ட் 7
கிறகோரி குடும்பத்தோடு மடு மாதா கோவிலடியில் கூடாரம் அடித்துவிட்டார். திருவிழா முடிந்துதான் வருவாராம். திறப்பு எங்கே என்று தொலைபேசியில் கேட்டேன். "என்ரை இடுப்பிலைதான் கிடக்கு. பயப்பிடாதை." மாதாவின் காவலில் எங்கள் மின்னஞ்சல்.

ஓகஸ்ட் 9
ஆய்வுகூடத் தேவகுமாரி வந்தாள். சென்னையில் ஆறு மாதப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. கடிதம் ஆஸ்பத்திரி மின்னஞ்சல் முகவரிக்கு மட்டுமே வரும். பதினைந்துக்குள் பதில் போகாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. சென்னைக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டாளாம். "நேத்தே அனுப்பிட்டோமே மேடம், பாருங்க."

"எப்ப அண்ணை வரும்?"

அனுப்பிய சேர்வர் ஐந்து நாள் வெளியே நின்று தட்டும், பிறகு திரும்பிப் போய்விடும் என்று விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன்.

ஓகஸ்ட் 12
செயலாளருக்கு மூன்றாவது கடிதம். கடித ஓரத்தில் அவர் கையெழுத்து: "கோரிக்கையை மின்னஞ்சலில் அனுப்பவும்."

உவருக்கு மண்டைக்குள்ளை என்னதான் கிடக்கு? நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஆர் பதில் சொல்லுறது?

ஓகஸ்ட் 15
இன்று கடைசி நாள். மடுவில் திருவிழாச் சனமாம்.

ஓகஸ்ட் 18
கமிற்றி கூடியது. ஜெபம், தேநீர், உறை கிழிப்பு. வாசலைத் திறந்தேன்; இரண்டு நிமிடமும் ஆகவில்லை. முதலில் வந்தது மெத்தை விளம்பரம். சென்னைக் கடிதம் வரவில்லை. தட்டிவிட்டுப் போய்விட்டது. இடமும் போய்விட்டது.

ஐயா கைகுலுக்கினார். "பாத்தியே, முறையாச் செய்தால் எல்லாம் சரிவரும்."

ஓகஸ்ட் 19
நேசராஜாவைத் திட்டுவதற்கு ஒரு பக்க வசனத்தோடு ஆய்வுகூடத்துக்குப் போனேன். தேவகுமாரி இரத்த மாதிரிக் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"உறைக்குள்ளை இருந்த பாஸ்வேட்டை ஆர் அண்ணை எழுதினது?"

"நான்தான்."

"அப்ப உங்களுக்கு முதலே தெரியும்."

"ஓம்."

அடுத்த குழாயை எடுத்தாள்.